வால்வுக்குப் பின்னால் சாவி

என் மேல் தப்பில்லை என்று சொல்லித்தான் இதை ஆரம்பிக்க நினைத்தேன். அது நடக்காது போலிருக்கிறது. இருந்தாலும், ஒரே மாதத்தில் மூன்றாவது தடவையாகக் கூரை ஒழுகி, இருநூறு பக்க மெய்ப்பு ஊறிப்போனால் யாருக்குத்தான் கோபம் வராது, நீங்களே சொல்லுங்கள்.

நான் ஓர் அச்சகத்துக்குப் பிழை திருத்துகிறவள். அச்சடித்த மெய்ப்புத் தாளை வீட்டுக்குக் கொடுத்தனுப்புவார்கள். நான் ஜன்னலோரம் மேசையைப் போட்டு உட்கார்ந்து, ஒற்று விட்ட இடம், கால் உடைந்த இடம், வரி மாறிய இடம் எல்லாவற்றையும் சிவப்புப் பேனாவால் குத்தி எடுப்பேன். இருபத்தாறு வருஷமாக இதே வேலை. கட்டடத்தில் எனக்குப் 'பிழை அக்கா' என்று பெயர். வாடகைக்கு விட்டிருக்கும் வீட்டுக்காரர் படிக்கட்டில் 'குப்பை போடாதிர்கள்' என்று எழுதி ஒட்டியிருந்ததை நான் பேனாவை எடுத்து 'போடாதீர்கள்' ஆக்கினேன். அன்றைக்கு வைத்த பெயர்.

கட்டடம் மூன்று தளம். கீழே வீட்டுக்காரரின் செருப்புக் கிடங்கு, அதன் பின்கட்டில் அவர் குடும்பம். நடுவில் நான், தனியாக. எனக்கு மேலே ஒரு குழாய்க்காரர், அவர் மனைவி, எட்டு வயதில் ஒரு மகள். அந்த மனைவி பிஸ்கட் தொழிற்சாலையில் டப்பா அடைக்கிற பிரிவில் ஷிஃப்ட் வேலைக்குப் போகிறவள்.

அந்த வருஷம் மழை பொய்த்துப்போய் நான்கு மாதம் ஆகியிருந்தது. தெருவுக்கு வரும் தண்ணீர் காலை ஒன்பதுக்கு நின்று, பதினொன்றுக்கு மேல்தான் திரும்ப வரும். மேல்வீட்டுக்காரர் வேலைக்குக் கிளம்பும் அவசரத்தில் குழாயைத் திறப்பார், தண்ணீர் வராது, திறந்தபடியே விட்டுவிட்டுப் போய்விடுவார். பதினொன்றுக்குத் தண்ணீர் வந்ததும் தொட்டி நிறைந்து, அறை நிறைந்து, என் தலைமேல் இறங்கும். ஊரெல்லாம் போய் ஒழுகுகிற குழாயை அடைத்துவிட்டு வருகிறவர் வீட்டில் குழாய் மூட ஆளில்லை. சிரிப்பாய்ச் சிரிக்க வேண்டிய விஷயம்தான், கூரை என்னுடையதாக இல்லாதிருந்தால்.

ஒவ்வொரு தடவையும் ஓடி வருவார். "ஸாரிக்கா, மறந்துட்டேன்" என்பார். சும்மா சொல்லிவிட்டுப் போகிற ஆளில்லை. என்னை நாற்காலியில் உட்காரவைத்துவிட்டுத் தரையைத் துடைத்து, துணியைப் பிழிந்து, அடுத்த நாள் சுண்ணாம்பு வாளியோடு வந்து கூரையைப் பூசிக் கொடுத்துவிட்டுப் போவார். பூச்சு காய்வதற்குள் அடுத்த தண்ணீர் வந்துவிடும்.

மூன்றாவது தடவை நான் துடைக்க விடவில்லை. கதவைச் சாத்திக்கொண்டு வீட்டுக்காரருக்கு ஒரு கடிதம் எழுதினேன். பதினாலு வரி. என் வாழ்நாளில் அவ்வளவு சுத்தமாக ஒரு கடிதம் எழுதியதில்லை. ஒரு சந்திப்பிழை கிடையாது.

இரண்டு நாள் கழித்துச் சாயங்காலம் கதவு தட்டும் சத்தம். குழாய்க்காரர் நின்றிருந்தார். சட்டையெல்லாம் சிமெண்ட் தூள். ஒரு கையில் அளவு நாடா, அதை இழுத்து விடுவதும் சுருள விடுவதுமாக இருந்தார். இன்னொரு கையில் ஒரு தாள்.

"அக்கா, வீட்டுக்காரரு கதவுக்கடியில ஏதோ பேப்பர் தள்ளிட்டுப் போயிருக்காரு. அவ ஷிஃப்ட்ல இருக்கா. நான் கண்ணாடிய வேலை நடக்கிற எடத்துலயே விட்டுட்டேன். கொஞ்சம் படிச்சுச் சொல்றீங்களா?"

கையில் வாங்கினேன். என் கடிதம். அதன் அடியில் வீட்டுக்காரரின் கோணல் எழுத்தில் மூன்று வரி.

எனக்குக் காது மடலெல்லாம் சுட்டது. மடித்துக் கொடுத்து, அவள் வந்து படிப்பாள் என்று சொல்லியிருக்கலாம். எழுதத் தெரிந்தவளுக்குப் படிக்கவா தெரியாது என்று ஒரு வீம்பு வந்தது.

"இது நான் எழுதினது தம்பி" என்றேன்.

"அப்படியா. சரி படிங்கக்கா."

படித்தேன். தேதிகளைப் படித்தேன், ஊறிய பக்கங்களின் கணக்கைப் படித்தேன். ஒன்பதாவது வரிக்கு வந்ததும் வாய் ஓடவில்லை. 'இவர் பொறுப்பற்ற மனிதர். எத்தனை முறை சொன்னாலும் மூளையில் ஏறாத ஆள். இப்படிப்பட்டவரை மனிதர்கள் வாழும் இடத்தில் குடிவைப்பது முறையல்ல.' மூன்று வரியையும் கண் தாண்டியது, நாக்குத் தொடவில்லை. அடுத்த வரியில் போய் இறங்கினேன். கடைசியில் வீட்டுக்காரர் எழுதியதையும் படித்தேன். 'ஒரு மாதம் பார்ப்பேன். அதற்குள் ஒரு சொட்டு ஒழுகினாலும் வீட்டைக் காலி செய்து கொடுக்க வேண்டும்.'

அவர் தலையைச் சாய்த்து, பார்வையை என் செருப்பின் மேல் வைத்துக்கொண்டு கேட்டார்.

"நியாயம்தானேக்கா. நீங்க எழுதாம வேற யாரு எழுதுவாங்க" என்று சொல்லித் தாளை வாங்கிக்கொண்டு மேலே போனார். அவர் போனபிறகுதான் ஒன்று உறைத்தது. ஆறு வருஷமாகப் பார்க்கிறேன், அந்த மனிதர் ஒருநாளும் கண்ணாடி போட்டதில்லை.

மறுநாள் காலையில் அவர் மனைவி வந்தாள். கையில் ஒரு பை நிறைய உடைந்த பிஸ்கட். தொழிற்சாலையில் விளிம்பு போனதையெல்லாம் வேலைக்காரர்களுக்கே அள்ளிக் கொடுத்துவிடுவார்களாம். சண்டைக்கு வருகிறவள் பிஸ்கட் கொண்டுவர மாட்டாள் என்று எனக்குத் தோன்றவில்லை. இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றேன்.

"அக்கா, நேத்து நீங்க படிச்சதுல மூணு வரி குறையுதாம்" என்றாள்.

"யாரு சொன்னா?"

"அவருதான். நான் வந்ததும் படிக்கச் சொன்னாரு. படிச்சிட்டே வர்றேன், 'நிறுத்து, இது நேத்து வரல, அக்கா இதச் சொல்லல'ங்கிறாரு. நீங்க படிச்சத வார்த்தை மாறாம ஒப்பிச்சாரு. காதுல விழுந்தது ஒண்ணும் அவருக்குப் போகாது."

கதவுப்பிடியைத் துடைத்தேன்.

"நான் ஒண்ணும் கேட்க வரலக்கா. நன்றி சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன். எழுதுறப்போ கோவம், எழுதிட்டீங்க. மொகத்தப் பார்த்துப் படிக்க மனசு வரல இல்ல. அது போதும்."

எனக்கு அந்த நிமிஷம் வந்த அவமானத்தைச் சொல்லி முடியாது. உள்ளே வா என்றேன். தேநீர் போட்டேன். அவள் உடைந்த பிஸ்கட்டில் பெரிய துண்டாகப் பொறுக்கி என் பக்கம் வைத்தாள்.

"பதினோரு வருஷமா நான்தான் அவருக்குக் கடிகாரம்" என்றாள். "ஃபோன எடுத்தீங்களா, அடுப்ப அணைச்சீங்களா, அந்த வீட்டு வேலை இன்னைக்கா நாளைக்கா, எல்லாம் நான் சொல்லணும். பில்லு, லெட்டரு, ஃபாரம், எல்லாம் நான் படிக்கணும். நான் காலைல ஷிஃப்ட்டுக்குப் போற வாரம் பாருங்க, அந்த வாரம்தான் உங்க கூரை ஒழுகும்."

யோசித்துப் பார்த்தேன். மூன்று தடவையும் அப்படித்தான்.

"வேணும்னு செய்றாருன்னு நானே நெனச்சிருக்கேன். அவரோட பேசாமக்கூட இருந்திருக்கேன். போன மாசம் பாப்பாவோட டீச்சர் கூப்பிட்டாங்க. படிக்க மாட்டேங்குறா, உட்கார மாட்டேங்குறா, ஆனா கேட்டா எல்லாத்துக்கும் பதில் சொல்றா, ஒரு தடவ டாக்டர்கிட்ட காட்டிப் பாருங்கன்னாங்க. போனோம். டிஸ்லெக்சியான்னாங்க. கூடவே ஏ.டி.எச்.டி.ன்னாங்க. எழுத்துப் பிடிபடாது, கவனம் ஒரு எடத்துல நிக்காது, புத்திக்கு ஒரு கொறையும் கெடையாதுன்னு சொன்னாங்க. டாக்டரம்மா ஒவ்வொண்ணா பாப்பாகிட்ட கேட்கறாங்க. வரியத் தவறவிடுறியா, சொன்ன வேலைல பாதில வேற வேலைக்குப் போயிடுறியான்னு. பாப்பா வாயத் தொறக்கறதுக்கு முன்னாடி இவரு தலையாட்டுறாரு."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தபடியே கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"டாக்டரம்மா பார்த்தாங்க. 'நீங்களும் ஒரு நாள் வாங்களேன்'னாங்க. போனாரு. ரெண்டும் இவருக்கும் இருக்கு. நாப்பத்தோரு வயசுக்கு இப்பத்தான் தெரியுது. வெளிய வந்து பஸ் ஸ்டாப்புல உட்கார்ந்து என்கிட்ட என்ன கேட்டாரு தெரியுமா. 'அப்போ நான் முட்டாள் இல்லையா?'ன்னாரு."

தேநீர் ஆறிப்போயிருந்தது. இரண்டு பேரும் குடிக்கவில்லை.

"மாத்திரை கொடுத்திருக்காங்க, அது ஒரு பக்கம். ஆள மாத்தப் பார்க்காதீங்க, வீட்ட மாத்துங்கன்னு சொல்லி அனுப்பினாங்க. ஒரு மாசம் இருக்குக்கா. இந்த வீட்ட விட்டா பாப்பா ஸ்கூல் மாறணும். அந்த டீச்சர் மாதிரி இன்னொருத்தர் கெடைப்பாங்களான்னு தெரியல. கொஞ்சம் சத்தம் வரும், பொறுத்துக்கோங்க. அவ்வளவுதான்."

கொஞ்சம் சத்தமா அது. அடுத்த நாள் காலையிலேயே துளைபோடும் இயந்திரம் என் மண்டைக்குள் ஓடியது. மத்தியானம் வரை பல்லைக் கடித்துக்கொண்டிருந்துவிட்டு, ஒரு பிடி பிடிக்கலாம் என்று மேலே ஏறினேன். கதவு திறந்தே கிடந்தது. உள்ளே போனால், அலமாரி ஒன்றுக்கும் கதவில்லை. கழற்றிச் சுவரோரம் அடுக்கியிருந்தார்.

"என்ன தம்பி இது, வீட்டக் காலி பண்றீங்களா?"

"மூடி வச்சா எனக்கு அந்தப் பொருளே இல்லைக்கா. கதவுக்குப் பின்னாடி இருக்கறது செத்துப்போச்சு. முட்டை இருக்கறது தெரியாம முட்டை வாங்கிட்டு வருவேன். இப்பப் பாருங்க, எல்லாம் கண்ணுக்கு எதிர்ல."

சமையலறையில் கண்ணாடி ஜாடிகள் வரிசையாக நின்றன. பெயர் எழுதி ஒட்டவில்லை. உள்ளே இருப்பது தெரிந்தால் போதாதா என்ன. சுவரில் ஒரு பெரிய பலகை. அதில் ரெஞ்ச், ஸ்பேனர், இரும்பறுக்கும் ரம்பம் என்று ஒவ்வொன்றின் உருவத்தையும் மஞ்சள் பெயின்ட்டால் வரைந்து, அதனதன் மேல் அந்தந்தக் கருவியைத் தொங்கவிட்டிருந்தார். ஒன்று குறைந்தாலும் மஞ்சள் கத்தும். வேலை சொல்லுகிறவர்கள் இனிமேல் எழுதி அனுப்பக் கூடாது, ஃபோனில் குரலாகத்தான் அனுப்ப வேண்டும் என்று எல்லோரிடமும் சொல்லிவிட்டாராம்.

"ஏன் அனுப்பணும்னு கேட்கலையா?"

"கேட்டாங்க. முன்னாடின்னா கண்ணாடிய விட்டுட்டேன்னு சொல்லுவேன். இப்ப, எனக்குப் படிக்க வராதுங்க, சொன்னா மறக்க மாட்டேன்னு சொன்னேன். ஒருத்தரும் சிரிக்கல. ஒரு அம்மா, அப்பாடா எனக்கும் டைப் அடிக்கப் பிடிக்காதுன்னாங்க."

மகள் தரையில் ஒரு புத்தகத்தின் மேல் கறுப்பு அட்டையை வைத்து, ஒரே ஒரு வரி மட்டும் தெரியும்படி நகர்த்திக்கொண்டிருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்தேன். எழுத்தெல்லாம் ஆடுமாமே என்று கேட்டேன். எங்கேயோ படித்தது.

"ஆடுறதெல்லாம் இல்ல பெரியம்மா. அங்கேயேதான் இருக்கு. தெருவுல ஒருத்தங்களப் பார்க்கறோம், நல்லாத் தெரிஞ்ச மொகம், பேரு வாய்க்கு வர மாட்டேங்குது இல்ல? எல்லா எழுத்தும் எனக்கு அப்படி."

இருபத்தாறு வருஷமாக எழுத்தோடு குடித்தனம் நடத்துகிறேன். இதை இவ்வளவு நேராக ஒருத்தர் எனக்குச் சொன்னதில்லை. திட்ட வந்தவள் திட்டாமலே இறங்கி வந்தேன்.

எல்லாம் சரி, குழாய்? அதுதானே வீட்டைக் காலிசெய்ய வைப்பது. அதற்கு அவர் மூன்று நாள் முகவாயைத் தடவிக்கொண்டு திரிந்தார். நினைவூட்டும் மணி வைத்துப் பார்த்தார்கள். மணியை அணைத்துவிட்டு மறந்தார். கதவில் குழாய் படம் வரைந்து ஒட்டினார்கள். நாலாம் நாள் அந்தப் படம் சுவராகவே ஆகிவிட்டது, கண்ணில் படவில்லை. கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, வீட்டுக்கு வரும் முதன்மைக் குழாயை வெட்டி, சுற்றிக்கொண்டுவந்து வாசல் கதவுக்குப் பக்கத்தில் ஏற்றினார். அதில் ஒரு வால்வு. வால்வின் கைப்பிடியில் ஒரு தகடு. தகட்டுக்குப் பின்னால் சுவரில் வீட்டுச் சாவி மாட்டும் கொக்கி.

என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். முகத்தில் அவ்வளவு வெளிச்சம்.

"பாருங்கக்கா. வால்வு தொறந்திருந்தா இந்தத் தகடு கொக்கிய மூடிக்கும், சாவிய எடுக்க முடியாது. வெளிய போகணுமா, சாவி வேணும். சாவி வேணுமா, வால்வ மூடணும். நான் எதையும் ஞாபகம் வச்சுக்க வேண்டியதில்ல. உள்ள எந்தக் குழாய் தொறந்து கெடந்தாலும் தண்ணி வராது."

நல்ல யோசனைதான். ஆனால் என் புத்தி பிழை பார்க்கும் புத்தி. சும்மா இருக்குமா.

"சாவிய மாட்டாமலே சட்டைப்பையில வச்சுக்கிட்டு வால்வ மட்டும் தொறந்தா?"

அவர் வாயைத் திறந்தார், மூடினார். மனைவி உள்ளேயிருந்து, "போச்சு, பிழை அக்கா கண்டுபிடிச்சிட்டாங்க" என்றாள்.

"இருங்க, இருங்க" என்று அவர் அங்கேயே சம்மணமிட்டு உட்கார்ந்தார். அளவு நாடாவை இழுத்தார், விட்டார். நான் கீழே போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்தபோதும் அதே இடத்தில்தான் இருந்தார். பக்கத்தில் தட்டில் உருளைக்கிழங்கும் அவித்த முட்டையும் காய்ந்துகொண்டிருந்தன. ஒரு வேலையில் மனம் நிற்காத ஆள் என்று யார் சொன்னது, அன்றைக்கு அவர் எழுந்திருக்க ஐந்து மணி ஆனது. பழைய பித்தளைக் குழாய்த் துண்டு ஒன்றைச் சாவியோடு கோத்திருந்தார். நல்ல கனம். சாவி கொக்கியில் தொங்கினால் அந்தக் கனத்தில் ஒரு சின்னக் கம்பி கீழே இறங்கும். கம்பி இறங்கினால்தான் வால்வின் பிடி திரும்பும். சாவி பையில் இருந்தால் வால்வைத் திறக்கவே முடியாது.

நான் எல்லாப் பக்கமிருந்தும் பார்த்தேன். இழுத்தேன், தள்ளினேன், ஏமாற்றப் பார்த்தேன்.

"பிழையில்லை" என்றேன். அச்சகத்தில்கூட அந்த வார்த்தையை நான் லேசில் சொல்வதில்லை. அவர் மகள் அதைக் கேட்டு ஒரு குதி குதித்தாள், என் வீட்டுக் கூரையில் கொஞ்சம் சுண்ணாம்பு உதிர்ந்திருக்கும்.

பிழை இரண்டு நாளில் வந்தது. அவர் கைப்பழக்கத்தில் வால்வை மூடிச் சாவியை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போய்விட்டார். மனைவி அப்போது குளியலறையில் இருந்தாள். தலை நிறையச் சோப்பு நுரையோடு, போர்வையைச் சுற்றிக்கொண்டு, என் கதவைத் தட்டினாள்.

"ஒரு வாளி தண்ணி கொடுங்கக்கா. என் புருஷன் ரொம்பப் பொறுப்பா ஆயிட்டாரு."

இரண்டு பேரும் வாசலிலேயே நின்று விழுந்து விழுந்து சிரித்தோம். அவள் கண்ணில் சோப்பு போய் அழுகையும் வந்தது. அதன் பிறகு கடைசியாக வெளியே போகிறவர் மட்டுமே சாவியைத் தொடுவது என்று சட்டம் போட்டார்கள்.

அந்த மாதத்தில் நான் எப்போது மேல்வீட்டு ஆளானேன் என்று எனக்கே தெரியாது. மகளின் பாடப் புத்தகத்தை என் குரலில் ஃபோனில் படித்துக் கொடுத்தேன். அவள் அதைக் கேட்டபடி அறைக்குள் பந்தைத் தட்டுவாள். தட்டினால்தான் மண்டையில் ஏறுமாம். தட், தட் என்று என் தலைக்கு மேல் பூகோளம் ஓடும். முன்பென்றால் துடைப்பக்கட்டையால் கூரையை இடித்திருப்பேன். இப்போது பந்து நின்றால்தான், எந்த வரியில் நின்றாளோ என்று நிமிர்ந்து பார்க்கிறேன்.

ஒரு சாயங்காலம் ஒரு தோட்டக்கலைப் புத்தகத்தின் மெய்ப்பை வாய்விட்டுப் படித்துக்கொண்டிருந்தேன். குழாய்க்காரர் என் சமையலறைக் குழாய்க்கு வாஷர் மாற்றிக்கொண்டிருந்தார். குனிந்த தலை நிமிராமல், "இத முன்னாடியே சொல்லிட்டாங்களேக்கா" என்றார்.

"எதை?"

"வேர் அழுகறதுக்கு மூணு காரணம். நாலு பக்கம் முன்னாடி இதே வார்த்தைல படிச்சீங்க."

திருப்பிப் பார்த்தேன். ஒரு பத்தி முழுசாக இரண்டு இடத்தில் அச்சாகியிருந்தது. இரண்டு தடவை நானே திருத்திக் கையெழுத்துப் போட்ட மெய்ப்பு. என் கண்ணுக்குத் தப்பியது அவர் காதுக்குத் தப்பவில்லை. மூளையில் ஏறாத ஆள் என்று எழுதிய கை இதே கைதான். அன்றைக்கு அவரிடம் வாய்விட்டு மன்னிப்புக் கேட்டேன். "விடுங்கக்கா, அத நீங்க படிக்கவே இல்லையே" என்று சொல்லிவிட்டு அவர் வாஷரை முடுக்கினார்.

இருபத்தெட்டாம் நாள். மாதம் முடிய இரண்டு நாள்தான். நான் மெய்ப்பைக் கொடுக்க அச்சகத்துக்குப் போய்விட்டு, வெயில் இறங்கத் தொடங்கிய நேரத்தில் திரும்பி வந்தேன். தெருவில் கூட்டம். நடைபாதை முழுக்கச் செருப்புப் பெட்டிகள் ஊறிப் பிரிந்து கிடந்தன. வீட்டுக்காரர் வேட்டைக்கு நிற்பதுபோல் படிக்கட்டடியில் நின்றிருந்தார். கையில் சொட்டச் சொட்ட ஒரு செருப்பு.

"மேல்மாடிலருந்து இறங்கி, உங்க வீடு வழியா என் கெடங்குக்கே வந்துடுச்சு" என்றார் என்னிடம். "வரட்டும் அவன். ஃபோன் பண்ணிட்டேன்."

குழாய்க்காரர் தோளில் குழாயோடு தெருமுனையில் ஓடி வந்தார். அதே நேரம் மனைவி ஷிஃப்ட் முடிந்து, பள்ளிக்கூடத்திலிருந்து மகளைக் கூட்டிக்கொண்டு எதிர்ப்பக்கமிருந்து வந்தாள். பெட்டிகளைப் பார்த்ததும் அவள் நின்றுவிட்டாள். கையில் இருந்த பிஸ்கட் பை மெல்லக் கீழே இறங்கியது.

வீட்டுக்காரர் ஒரு வார்த்தை கேட்பதற்குள் குழாய்க்காரர் சொல்லிவிட்டார்.

"ஸாரிங்க. மறந்துட்டேன்."

மேலே போய்ப் பார்க்கவில்லை. என்ன நடந்தது என்று கேட்கவில்லை. தண்ணீர் என்றால் தான்தான் என்று அவருக்கு அவ்வளவு நிச்சயம்.

"நாளன்னைக்கு வீட்டுச் சாவி என் கைல இருக்கணும்" என்றார் வீட்டுக்காரர்.

"சரிங்க."

எனக்கு அப்போது காலையில் நடந்தது ஞாபகம் வந்தது. கெண்டியில் தண்ணீர் பிடிக்கக் குழாயைத் திறந்தேன். வரவில்லை. அச்சகத்திலிருந்து ஃபோன் வந்தது, உடனே வேணும் என்றார்கள். மெய்ப்பை அள்ளிக்கொண்டு ஓடினேன். குழாயை மூடியதாக என் கைக்கு நினைவில்லை.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். நான் உடனே வாய் திறக்கவில்லை. இத்தனை பேர் முன்னால் பிழை அக்கா பிழை செய்தாள் என்று சொல்ல நாக்கு எழவில்லை. நாலு மூச்சு விடும் நேரம் இருக்கும். அதற்குள் மகள் அப்பாவின் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"அப்பா, சாவி எங்க?"

"என்னடா?"

"சாவிப்பா. எங்க இருக்கு?"

அவர் சட்டைப்பையில் கைவிட்டு எடுத்தார். பித்தளைத் துண்டோடு சாவி வந்தது. கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே நின்றார். என்ன பார்க்கிறோம் என்று அவருக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது.

"சாவி என்கிட்ட இருக்கு" என்றார் மெல்ல. "அப்போ வால்வு மூடியிருக்கு. மூடாம இது வராதே."

"என்னப்பா உளறுற?" என்றார் வீட்டுக்காரர்.

"உளறல" என்றேன் நான். "அவங்க வீட்டுல தண்ணி இல்ல. என் வீட்டுல இருக்கு. என் குழாய்தான். நான்தான் மூடாமப் போனேன்."

படியேறி என் கதவைத் திறந்து, ஓடிக்கொண்டிருந்த குழாயை மூடிவிட்டுக் காட்டினேன். தண்ணீர் மேசைக்காலைத் தொட்டுக்கொண்டு நின்றது. கூரை காய்ந்த சுண்ணாம்போடு பளிச்சென்றிருந்தது. வீட்டுக்காரர் கூரையைப் பார்த்தார், தரையைப் பார்த்தார், ஒரு பெருமூச்சு விட்டார்.

"அட விடுங்கக்கா. வேலை அவசரத்துல யாருக்கும் வர்றதுதானே."

சொன்னது அவ்வளவுதான். எனக்கு உச்சியிலிருந்து உள்ளங்கால்வரை பற்றிக்கொண்டு வந்தது.

"எனக்குன்னா வர்றதுதானா? அவருக்கு மட்டும் ஒரு மாசக் கெடுவா? எனக்கும் ஒரு நோட்டீஸ் எழுதுங்க. நானே பிழை பார்த்துத் தர்றேன். இல்லன்னா அவருக்குக் கொடுத்தத இப்பவே கிழிங்க. நான் எழுதின பதினாலு வரியையும் சேர்த்து."

வீட்டுக்காரர் கெட்டவர் இல்லை. ஈரச் செருப்பை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினார்.

"எதுக்குக்கா இவ்வளவு கோவம். அவங்க இருக்கட்டும். நான் என்ன வேண்டாம்னா சொல்றேன்."

மனைவி படியில் ஒரு கையை ஊன்றிக்கொண்டாள். "ரொம்ப நன்றிங்க" என்றாள் அவரிடம். பிறகு என் தோளில் நெற்றியை வைத்தாள். பிஸ்கட் மாவு வாசனை அடித்தது. நன்றி சொல்ல வேண்டியது நான்தான். சொன்னேன், அவள் காதில் விழுந்ததோ என்னவோ.

குழாய்க்காரர் தோளிலிருந்த குழாயை இறக்கிச் சுவரில் சாத்திவிட்டு, மூன்றாவது படியில் உட்கார்ந்துவிட்டார்.

"நான் இல்லையா?" என்றார்.

"இல்லைங்க" என்றாள் மனைவி, அவர் பக்கத்தில் உட்கார்ந்து. "நீங்க இல்ல."

"நெஜமா நான் இல்லையா?"

"நீ இல்லப்பா" என்றாள் மகள்.

அவர் கண்ணை மூடிக்கொண்டார். காதால் கேட்டதை விடாத மனிதர், அதை எங்கேயோ உள்ளே பத்திரமாக வைத்துக்கொள்வது முகத்தில் தெரிந்தது.

"இன்னொரு தடவ சொல்லுங்க" என்றார்.

நான் சொன்னேன். நான் சொல்லி முடித்ததும், நனைந்த செருப்போடு நின்றிருந்த வீட்டுக்காரரும் தொண்டையைச் செருமிக்கொண்டு, "நீ இல்லப்பா" என்றார்.